1996க்கு முன் இலங்கையில் மக்கள் விளையாட்டே இருக்கவில்லையா?

3 செப்டெம்பர் 2025 – கேள்வி

"இலங்கையில் மக்கள் விளையாட்டு என்று ஒன்று உருவானதே 1996 உலகக் கிண்ணத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் இருந்ததெல்லாம் கொழும்புப் பணக்காரப் பள்ளிக்கூடங்களின் பொழுதுபோக்கு. நமது தேசிய விளையாட்டான கிரிக்கெட்டை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது அர்ஜுனவின் அணி. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்."

3 செப்டெம்பர், இரவு

ஆதாரம்தானே, தருகிறேன். தேசிய விளையாட்டு கிரிக்கெட் அல்ல, கரப்பந்தாட்டம். 1991இல் அப்படி அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் அத்திபூத்தாற்போல் காட்டும் ஒரு விளையாட்டுக்குத் தேசியப் பட்டம் கொடுத்து வைத்திருப்பது நம் நாட்டுக்கே உரிய பெருந்தன்மை.

1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் உடற்கல்விப் பொறுப்பில் இருந்த வோல்டர் கமாக் அதை இங்கே அறிமுகப்படுத்தினார். அது ஊருக்குள் இறங்கியது எதனால் என்றால், செலவு இல்லை. ஒரு பந்து, நட்டுவைக்க இரண்டு கம்பு, ஒரு வலை. வலை கிழிந்துவிட்டால் கயிறு. எங்கள் ஊரில் கோயில் வீதிதான் மைதானம். திருவிழா பத்து நாளும் விளையாட்டுக்கு விடுமுறை. கொடி இறங்கிய மறுநாள் மாலையே கம்பு நட்டாகிவிடும். 1996இல் பிறந்த பிள்ளைகளின் பாட்டன்மார் அந்த வீதியில் அடித்தவர்கள்.

4 செப்டெம்பர்

கொழும்புப் பணக்காரப் பள்ளிக்கூடங்கள் என்பதில் பாதி உண்மை. கொழும்பு கிரிக்கெட் கழகம் 1832இல் தொடங்கியது, வெள்ளைக்காரர்களுக்காக. கொழும்பின் றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான றோயல் – தோமியன் கிரிக்கெட் போட்டி 1879இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டு ஆசிரியர்களும் சேர்ந்து ஆடியதால் கணக்கை 1880இலிருந்து எடுக்கிறார்கள். 1885இல் றோயல் அணி 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஓர் ஆள் எடுத்தது அல்ல, முழு அணியும் சேர்த்து 9. இரண்டாம் நாள் றோயல் மைதானத்துக்கு வரவில்லை. அது தோமியன் வெற்றியா, முடிவில்லாத ஆட்டமா என்று 140 ஆண்டுகளாக இரண்டு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அதில் கருத்து இல்லை. 9 என்ற எண்ணைக் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது.

மற்றப் பாதிக்கு யாழ்ப்பாணம் வாருங்கள். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் என்னும் கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. இலங்கை உலகக் கிண்ணம் எடுப்பதற்கு 92 ஆண்டுகளுக்கு முன். இரண்டும் மிஷன் பள்ளிக்கூடங்கள், ஒன்று மெதடிஸ்த, மற்றது அங்கிலிக்கன். பிள்ளைகள் எல்லாரும் பணக்காரர்களா? தோட்டம் செய்தவர்களின் பிள்ளைகள், கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகள், கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள். மட்டை முறிந்தால் தகப்பனிடம் கேட்கப் பயந்து திரிந்தவர்கள்.

4 செப்டெம்பர், பின்னேரம்

மட்டை என்றதும் விரிப்பு நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆடியது புல் ஆடுகளத்தில் அல்ல, தும்பால் பின்னிய விரிப்பில், அதாவது மற்றிங்கில். காலையில் இளையவர்கள் நாலு பேர் அந்தச் சுருளைத் தோளில் தூக்கிவர வேண்டும். ஈரமாக இருந்தால் பிணப் பாரம். விரித்து, இழுத்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடித்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் இழுவை குறைந்தாலும் நடுவில் மடிப்பு விழும். அந்த மடிப்பில் பட்ட பந்து எங்கே போகும் என்று வீசியவனுக்கும் தெரியாது. எங்கள் சுழற்பந்து வீச்சாளன் ஒருவன் முதல் ஓவருக்கு முன் மடிப்பு விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்து வைத்துக்கொள்வான். ஆணியின் தலையில் பந்து பட்டால் அது பிடரிக்கு வரும். தலைக்கவசம் நாங்கள் படத்தில் பார்த்தது.

மற்றிங்கில் பந்து எழும்பி வரும், நன்றாகத் திரும்பும். வெட்டி அடிப்பதும் இழுத்து அடிப்பதும் அங்கே வளர்ந்தவனுக்குக் கைவந்த கலை. கொழும்பில் புல் ஆடுகளத்தில் அதே பையன் முன்காலில் போய்த் தடுக்கத் தெரியாமல் திணறுவான். திறமை இல்லை என்று சொல்லித் தெரிவிலிருந்து விட்டுவிடுவார்கள். வடக்கிலிருந்து தேசிய அணிக்கு ஏன் ஆள் வரவில்லை என்று கேட்பவர்கள் அரசியலோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

6 செப்டெம்பர்

ஹட்டன் பக்கத்து நண்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்கிறீர்கள். மலையகத்தை எங்கே வைப்பீர்கள்?" நியாயம். உத்தியோக மாற்றத்தில் அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மலையகத்தில் விளையாட்டைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத்துரைமார். டிக்கோயா – மஸ்கெலியாக் கழகத்துக்குத் தரவளை, திம்புள்ளைக் கழகத்துக்கு ரதல்ல. தேயிலை நட முடியாத இடமே இல்லை என்னும் அந்த மலைச்சரிவில், பச்சைத் தட்டுப்போல ஒரு சமதரையைப் பார்த்தால் அது கழக மைதானமாகத்தான் இருக்கும். கிரிக்கெட், டென்னிஸ், மழைக்காலத்தில் றகர் (ரக்பி). றகர் இலங்கையில் வேரூன்றியதில் அந்தத் துரைமார் கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்புப் பள்ளிக்கூடங்களும் எடுத்துக்கொண்டன. றோயல் – திரித்துவ றகர் போட்டியான பிரட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. இன்று கண்டியில் றகருக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் அது துரைமார் விளையாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த மைதானத்தை வெட்டிச் சமப்படுத்தியது யார்? தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள். அவர்கள் உள்ளே போனது உருளை இழுக்கவும் பந்து பொறுக்கவும். நான் இருந்த காலத்திலும் பிள்ளைகள் விளையாடியது லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலத்திலும், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்திலும். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். அதனால் "தேயிலைக்குள் போனால் ஆட்டமிழப்பு" என்பது எழுதாத சட்டம். நிலத்தோடு அடிக்கப் பழக அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். அந்தச் சமூகத்தின் ஒரு பேரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தான். அவனுக்குக் கண்டியில் சென். அந்தோனியார் கல்லூரி கிடைத்தது. லயத்துப் பையன்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே "பள்ளிக்கூடம்" என்ற என் பல்லவியை நான் விடப்போவதில்லை.

7 செப்டெம்பர்

கப்பல்களை விட்டுவிட்டோம். இங்கிலாந்து அணிகள் அவுஸ்திரேலியாவுக்குக் கடல் வழியே போகும்போது கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவது வழக்கம். முதலில் அப்படி வந்தது 1882இல் ஐவோ பிளையின் அணி. இங்கிருந்து புறப்பட்டதும் அவர்களுடைய கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி, ஒரு பந்துவீச்சாளருக்கு விலா எலும்பு முறிந்தது. நம் ஊர்க் கண்ணூறு என்று நினைக்கிறேன்.

1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இறங்கி ஆடியது இன்றைய பி. சரவணமுத்து மைதானத்தில், அதாவது தமிழ் யூனியன் கழகத்தின் வீட்டில். அன்று இலங்கை அணித் தலைவர் சதாசிவம். ஆடுகளம் குட்டையாக இருக்கிறது என்று பிராட்மனுக்குச் சந்தேகம் வந்தது. அளந்து பார்த்தால் 22 யார் (கெஜம்) இருக்க வேண்டியது 20 யார்தான் இருந்தது! உலகத்தின் மிகப் பெரிய துடுப்பாட்ட வீரனுக்கு இரண்டு யார் தள்ளுபடி செய்து கொடுத்த நாடு நாம்.

சதாசிவம் என்றதும் அவருடைய மனைவியின் கொலை வழக்கைக் கிளப்ப ஒருவர் வருவார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நாம் பேசுவது 1947இல் சேப்பாக்கத்தில் அவர் அடித்த 215ஐப் பற்றி.

9 செப்டெம்பர்

மட்டக்களப்பு நண்பர் மூன்றே வரியில் என் வாதத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்: "மைதானமும் பள்ளிக்கூடமும் இருந்தால் போதுமா? எங்கள் ஊரில் கூடைப்பந்து ஏன்? யாழ்ப்பாணத்தில் அவ்வளவு இல்லையே?"

இதை இரண்டு நாள் யோசித்தேன். மட்டக்களப்பில் வேலை பார்த்த காலத்தில் நானே வியந்த விடயம். வாவிக்கரை ஊர், வெயில் கொளுத்தும் ஊர். ஆனால் மாலையானால் சென். மைக்கல் கல்லூரியின் சீமெந்துத் தரையில் பந்து தட்டும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். நெட்டைப் பையன் ஒருவன் தெருவில் போனால், அவன் என்ன படிக்கிறான் என்று கேட்பதற்கு முன் எந்த அணியில் ஆடுகிறான் என்று கேட்பார்கள்.

காரணம், அமெரிக்க இயேசு சபைக் குருமார். வெபர் அடிகளார் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறையையே ஓடவும் எறியவும் பந்தைக் கூடைக்குள் போடவும் பழக்கினார். மட்டக்களப்பின் பெரிய மைதானம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது, வெபர் விளையாட்டரங்கு. அவரோடு சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் யூஜின் ஹெபேர்ட் அடிகளார். அவரும் கூடைப்பந்துப் பயிற்றுநர். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல்போனார். அவருடைய பிள்ளைகளாக இருந்து ஆடியவர்கள் அந்தத் திகதியை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே நண்பரின் ஓட்டையை ஒப்புக்கொண்டு வாதத்தைத் திருத்துகிறேன். எந்த ஊர் எதை விளையாடும் என்பதற்கு நிலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், அதோடு மாற்றலாகிப் போகாத ஓர் ஆள் வேண்டும். மூன்றாவதுதான் அரிது. அரசாங்கம் முதல் இரண்டையும் கட்டித் தரும். மூன்றாவதை எந்த அமைச்சாலும் கட்ட முடியாது.

10 செப்டெம்பர்

"எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? நமக்கென்று எதுவும் இல்லையா?" என்று ஒருவர். இருக்கிறது, ஆனால் அவற்றுக்குக் கிண்ணமும் இல்லை, அனுசரணையாளரும் இல்லை.

மட்டக்களப்பில் கொம்புமுறி. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்தது. ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். தோற்றவர் வசையையும் கேட்க வேண்டும், அதுவும் பாட்டில். சிங்கள ஊர்களில் இதுவே பத்தினித் தெய்வத்துக்காக அங்கெலிய என்ற பெயரில் நடக்கிறது. ஒரே தெய்வம், ஒரே கொம்பு. இதை வைத்து நல்லிணக்கக் கருத்தரங்கு நடத்துபவர்கள் நடத்தட்டும், நான் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறேன்.

சிங்களக் கிராமங்களில் கோலால் பந்தடித்து ஓடும் எல்லே. சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் பக்கம் தேங்காயோடு தேங்காய் மோதி உடைக்கும் போர்த்தேங்காய். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மாட்டுவண்டிச் சவாரி. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டம். அதில் ஏறுவது பட்டமா, விமானமா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சோடித்து விடுவார்கள்.

11 செப்டெம்பர்

கிளித்தட்டை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். விடவில்லை, தனியாக எழுத வைத்திருந்தேன். நிலாவெளிச்சம், நிலத்தில் கீறிய கோடுகள், நடுக்கோட்டில் ஓடித் திரியும் கிளி, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவன் கையை விரித்துக்கொண்டு. அடி வாங்காமல் கடைசிப் பெட்டிவரை இறங்கித் திரும்பி ஏற வேண்டும். எங்கள் ஊரில் சாம்பலால் கோடு போடுவோம். ஆட்டம் முடியும்போது கோடு அழிந்துபோயிருக்கும், ஆகவே கடைசி அரை மணி நேரம் ஆட்டம் அல்ல, வழக்கு. கிளியாக நின்றவன் பின்னாளில் சட்டத்தரணி ஆனதில் எனக்கு வியப்பில்லை.

13 செப்டெம்பர்

சரி, 1996க்கு வருவோம். கேட்டவர் அதைத்தானே எதிர்பார்க்கிறார்.

அந்த அணி வானத்திலிருந்து விழவில்லை. 1975 உலகக் கிண்ணத்தில் ஜெஃப் தொம்சனின் பந்து பட்டு இரண்டு பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள். 1979இல் இந்தியாவை ஓல்ட் ட்ரஃபர்ட்டில் வென்றோம். 1981இல் டெஸ்ட் அந்தஸ்து. 1982 பெப்ரவரியில் சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று நின்ற அணி 175க்குள் முடிந்தது. கடைசி ஏழு விக்கெட்டும் 8 ஓட்டத்துக்கு. அதே ஆண்டு அந்த அணியின் தலைவரே ஒரு குழுவைத் தென்னாபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிறவெறி ஆட்சிக் காலம். போனவர்களுக்கு 25 ஆண்டுத் தடை. பிறந்த குழந்தைக்கு ஒரு கை போனது மாதிரி. அதிலிருந்து 1985இல் அதே மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் வெற்றி.

1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டோம் என்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஓர் அணியாகக் கொழும்பில் வந்து ஆடின. பிறகு மார்ச் 17, லாகூர்.

அந்த மார்ச் மாதம் நான் தென்மராட்சியில், இடம்பெயர்ந்து ஒரு வீட்டின் விறாந்தையில். ஊர் 1995 ஒக்டோபர் கடைசியில் ஓர் இரவில் வெறுமையானது. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்திருந்தோம். சுற்றுபவன் களைத்தால் அறிவிப்பாளரின் குரலும் களைக்கும். அரவிந்த டி சில்வா சதத்தை நெருங்கும்போது சுற்றியவன் ஆர்வத்தில் கையை விட்டுவிட்டு வானொலிக்குக் காதைக் கொடுத்தான். குரல் நின்றது. அந்தப் பையனை எல்லாரும் சேர்ந்து ஏசிய ஏச்சில் இரண்டு ஓட்டம் போய்விட்டது. அரவிந்த 107, ஆட்டமிழக்கவில்லை. ஏழு விக்கெட் வெற்றி.

விறாந்தையில் இருந்த ஒருவரும் அன்றுதான் கிரிக்கெட் அறிந்தவர் அல்லர். அறியாதவர்கள் அந்த இரவில் பெடல் சுற்றமாட்டார்கள்.

14 செப்டெம்பர்

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "குண்டு போட்டுத் துரத்தப்பட்டவர்கள் எப்படி அந்த அணிக்குக் கைதட்டினீர்கள்?"

எல்லாரும் தட்டவில்லை. அதே விறாந்தையில் ஒரு பெரியவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அவருடைய கோபத்தை யாரும் தவறு என்று சொல்லவில்லை. சிலர் முரளிக்காகக் கேட்டார்கள். முந்தைய டிசம்பரில் மெல்பேர்னில் அவனுடைய பந்தைப் பந்தல்ல, எறி என்று நடுவர் அழைத்த செய்தி அவர்களுக்குத் தன் வீட்டுப் பிள்ளையை அவமதித்தது போல இருந்தது. சிலர் ஆட்டத்துக்காகக் கேட்டார்கள். நான் மூன்றாம் வகை என்றே சொல்லிவந்தேன். இப்போது யோசித்தால் இரண்டாம் வகையும் கலந்திருந்தது. இதற்கு மேல் இதைப் பிளந்து பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

18 செப்டெம்பர்

கரையோரத்தின் விளையாட்டு உதைபந்தாட்டம்தானே என்று கேட்ட மன்னார்க்காரருக்குப் பதில். ஆம், உதைபந்தாட்டம்தான் கரையோரத்தின் விளையாட்டு. மன்னார், குருநகர், பாசையூர், நாவாந்துறை. தேவாலயம் இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு வெளி இருக்கும், கழகத்துக்குப் புனிதர் ஒருவரின் பெயர் இருக்கும். விடியப்புறம் கடலிலிருந்து வந்தவர்கள் பின்னேரம் வெறுங்காலோடு இறங்குவார்கள். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய காலுக்கு மேல் பூட்ஸ் போட்ட கால் வேகத்தில் வராது. ஆனால் நனைந்த புல்லில் பூட்ஸ்தான் வெல்லும். கொழும்புக்கு இறுதியாட்டத்துக்குப் போய் வழுக்கி விழுந்து வந்த கதைகள் அந்த ஊர்களில் ஏராளம்.

1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ணத்தின் இறுதியில் இலங்கை இந்தியாவை 1–0 என வென்றது. உலகக் கிண்ணத்துக்கு முந்தைய ஆண்டு! இன்று எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில் தடையை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் கிரிக்கெட் சபைக்கும் ஐ.சி.சி. இடைநிறுத்தம், 2024 ஜனவரியில் நீக்கம். ஒரே ஆண்டில் இரண்டு விளையாட்டிலும் இடைநிறுத்தப்பட்டது ஒரு சாதனை என்றால் அதையும் பதிந்து வைக்கலாம்.

20 செப்டெம்பர்

மெய்வல்லுநர் பக்கம் யாரும் போகவில்லை, நான் போகிறேன். டங்கன் வைட், 1948 லண்டன், 400 மீற்றர் தடைதாண்டல், வெள்ளி. அதன் பிறகு ஒலிம்பிக் பதக்கத்துக்கு 52 ஆண்டுகள் காத்திருந்தோம், 2000 சிட்னியில் சுசந்திகா ஓடும்வரை.

நடுவில் 1958, தோக்கியோ ஆசிய விளையாட்டு. உயரம் பாய்தல், 2.03 மீற்றர், தங்கம். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதல் தங்கம். பாய்ந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். 17 வயதில் ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்குப் போனவர். சென்ற ஆண்டுதான் காலமானார். எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் உயரம் பாய்தலுக்கு ஆள் சேராவிட்டால் ஆசிரியர் இவருடைய பெயரைத்தான் எடுப்பார். நாங்கள் உடனே கத்தரிப் பாய்ச்சலில் கம்பைத் தட்டி விழுத்துவோம்.

கடலை மறக்கக்கூடாது. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை வல்வெட்டித்துறையிலிருந்து நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியும் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் இறந்தார். இவர்களுக்கு நீச்சல் தடாகம் இல்லை, கடல்தான் இருந்தது.

25 செப்டெம்பர்

இதுவரை எழுதியதை முதலிலிருந்து வாசித்தேன். சுசந்திகா என்ற ஒரு பெயரைத் தவிர முழுக்க ஆம்பிளைகள். என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, நாங்கள் எல்லாம் பார்க்கத்தான் வந்தோமா?"

அவள் வலைப்பந்தாட்டம் ஆடியவள். பெண்கள் பள்ளிக்கூடங்களில் கிரிக்கெட்டுக்கு இடமில்லாத காலத்தில் வலைப்பந்துதான் அவர்களுடைய பெரும்போர். தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் பெண், 6 அடி 10 அங்குலம். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை எடுத்த அணியில் இவர் கையை உயர்த்தினால் பந்தைத் தடுக்க எதிரணிக்கு ஏணி தேவைப்பட்டது. தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று. அதே கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தவர். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரியின் பெண்கள் கிரிக்கெட் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. 1996 என்று பேசுபவர்கள் 2024 என்றும் பேசிப் பழகட்டும்.

அண்ணன் மகளின் பள்ளிக்கூடத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போட வலைப்பந்துத் திடலில்தான் குழி தோண்டினார்கள். பக்கத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் வெளி சும்மா கிடந்தது. குழியை மூடிச் சமப்படுத்தாமல் விட்டார்கள். மாகாணப் போட்டிக்கு அந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுத்தது வாகனத் தரிப்பிடத்தில்.

2 ஒக்டோபர்

துரையப்பா விளையாட்டரங்கு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் பெரிய மைதானம். போரில் சிதைந்து கிடந்தது. 1999இல் திருத்த வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2016 ஜூனில் இந்திய உதவியோடு புனரமைத்துத் திறந்தார்கள். அங்கே பிள்ளைகள் ஓடும்போது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எலும்புகள் யாருடையவை என்ற கேள்வியைப் புல் நட்டு மூடிவிட முடியாது.

"வடக்கிலிருந்து யார் வந்தார்கள்?" என்று கேட்டவருக்கு: விஜயகாந்த் வியாஸ்காந்த். மத்திய கல்லூரிச் சுழற்பந்து வீச்சாளர். 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார், 2023 ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு, 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத்துக்கு. அந்த யாழ்ப்பாண அணி முதல் மூன்று ஆண்டும் தொடர்ந்து கிண்ணம் எடுத்தது. முதல் ஆண்டு ஒரு பந்துகூட யாழ்ப்பாணத்தில் வீசப்படவில்லை. எல்லா ஆட்டமும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாமல்.

3 ஒக்டோபர்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவைப் பற்றி நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். சென்ற மாதம் முதலாம் திகதி ஜனாதிபதி வந்து சர்வதேசக் கிரிக்கெட் மைதான வேலையைத் தொடக்கிவைத்தார். வரட்டும். நான் எதிர்ப்பவன் அல்லன்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று தண்ணீர். புல் ஆடுகளம் தண்ணீர் குடிக்கும். கோடையில் நாள்தோறும் ஊற்றி, உருட்டி, மூடி, திறந்து பார்க்க வேண்டும். தீவகத்தில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கிணற்றில் உவர் ஏறும். புல்லுக்கு எங்கிருந்து நல்ல தண்ணீர் என்று திட்டத்தில் எழுதியவர் யாராவது இருந்தால் இங்கே சொல்லட்டும்.

இரண்டாவது, ஆடுகளம் பார்க்கும் ஆள். கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஆள் சரிவராது. உள்ளூரில் நாலு பையன்களை இப்போதே தெரிந்து, கொழும்பிலோ தம்புள்ளையிலோ ஓராண்டு மண்ணும் புல்லும் பழகவைத்து, நிரந்தரச் சம்பளத்தில் அங்கேயே இருத்த வேண்டும். அவர்கள் சர்வதேச ஆட்டத்துக்குக் காத்திருக்காமல் முதல் இரண்டு ஆண்டும் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு ஆடுகளம் போட்டுப் பழகட்டும். மற்றிங்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் முன்காலில் போய்த் தடுக்க ஓர் இடம் கிடைக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு மின்விளக்குக் கோபுரத்தின் செலவில் கால்வாசிகூட வராது என்பது என் ஊகம். கணக்குத் தெரிந்தவர்கள் திருத்தலாம்.